கீழ் மடிப்பு தைக்காத கவுன்

அன்புள்ள வாயாடிக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு பேனாவைத் திறந்திருக்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முறைக்கிறது. அம்மாவின் தையல் மெஷினுக்குப் புது பெல்ட் போட்டாயிற்று. பக்கத்து வீட்டுப் பூனை நம் துணிக் கூடையில் குட்டி போட்டிருக்கிறது. அதைத் துரத்தப் போகிறேன் என்று தினமும் காலையில் அம்மா அறிவிக்கிறாள். தினமும் மாலையில் பால் வைக்கிறாள்.

வாரம் தவறாமல் போனில் பேசுகிற அப்பா எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் நீ நடுவில் புகுந்துவிடுவாய். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. வாழ்நாள் முழுக்க வகுப்பெடுத்தவனுக்கு இதைவிடச் சுகம் வேறு என்ன? இன்னொரு காரணமும் உண்டு. நான் உன்னோடு பேசும்போதெல்லாம் பக்கத்து அறையில் தையல் மெஷின் நின்றுவிடுகிறது. போனை வைத்ததும் மறுபடி ஓட ஆரம்பிக்கிறது. ஆகவே அங்கே கேட்கக் கூடாததை எழுதத்தான் வேண்டும்.

போன முறை நீ சொன்னது மனசை விட்டுப் போகவில்லை. இந்த வருட விடுமுறைக்கும் வரப்போவதில்லை என்றாய். "அம்மா ஒரு வார்த்தை கூப்பிடட்டும்ப்பா, மறுநாளே வரேன்" என்றாய். நியாயம்தான். அந்த ஒரு வார்த்தையை அவள் சொல்வாளா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் இங்கே ஒன்று நடந்தது. அதைக் கேட்டுவிட்டு நீயே முடிவு செய்.

நம் பழைய பள்ளியில் உலக வரலாற்று நாள் கொண்டாடினார்கள். வழக்கமாகப் பிள்ளைகளுக்குத்தான் வேஷம் போடுவார்கள். புதுத் தலைமையாசிரியை அதைத் தலைகீழாக்கிவிட்டார். ஆசிரியர்கள் வேஷம் போட்டு நிற்க வேண்டும், பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். யார் யார் என்ன பேசுவது என்று எழுதிக் கொடுக்கும் வேலை எனக்கு. உடுப்பு தைக்கும் வேலை அம்மாவுக்கு.

விளையாட்டு ஆசிரியர்தான் நெப்போலியன். வாட்டர்லூவில் ஏன் தோற்றீர்கள் என்று ஒரு பெண் கேட்டாள். நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கமும் மனுஷனுக்கு மறந்துவிட்டது. "முந்தின நாள் நல்ல மழைம்மா, கிரவுண்டு ஒரே சகதி" என்றார். சிரிக்காதே, வரலாற்றாசிரியர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது மேரி கியூரியைப் பற்றி. வேதியியல் டீச்சர்தான் மேரி கியூரி. அம்மா ஒரு நாள் மதியம் துணியையும் மேரி கியூரியின் பழைய படம் ஒன்றையும் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "இந்தப் படத்துல ஒண்ணும் விளங்கல. எல்லாம் இருட்டா இருக்கு. இந்த அம்மா என்னதான் உடுத்துவாங்க?" என்றாள்.

என்னிடம் ஒரு கேள்வி கேட்டால் ஒரு பாடம் வரும் என்று உனக்குத் தெரியுமே. மேரி கியூரியின் கல்யாண உடுப்பில் ஆரம்பித்தேன். அவருக்கு ஒரு புது உடுப்பு தைத்துத் தருவதாகத் தெரிந்தவர்கள் சொன்னார்களாம். அப்படியானால் அடர்ந்த நிறத்தில், உழைக்கிற துணியாகக் கொடுங்கள், கல்யாணம் முடிந்ததும் ஆய்வுக்கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போவேன் என்றாராம் அவர். கருநீலத்தில் தைத்தார்கள். அதையே வேலைக்கும் உடுத்தினார் என்று சொல்வார்கள்.

பாதியில்தான் எனக்கு உறைத்தது, யாருடைய கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று. உன் கல்யாணப் படம் கண்முன் வந்து நின்றது. பதிவு அலுவலகத்து மேஜை, நீலச் சட்டை, கழுத்தில் பரிசோதனைக் கூடத்து அடையாள அட்டை. மாப்பிள்ளைக்கு இடமாற்ற உத்தரவு வந்துவிட்டது, நாள் இல்லை, மதிய இடைவேளையில் போய்க் கையெழுத்துப் போட்டீர்கள். காரணம் எல்லாம் எனக்குப் புரிந்தது. அம்மாவுக்கும் புரிந்திருக்கும். ஆனால் அன்று அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "கழுத்துல கிடக்கிற அட்டையக் கழட்டணும்னுகூடத் தோணலையே இவளுக்கு."

அவளுக்கு மாப்பிள்ளை மேல் கோபம் என்று நீ நினைக்கிறாய். அவரைப் பற்றி இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. ஊரில் பாதிப் பெண்களுக்குக் கல்யாண உடுப்பு தைத்தவள் அவள். உனக்காக எடுத்து வைத்த துணி இன்னமும் பிரிக்காமல் அலமாரியில் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

சரி, அன்றைக்கு வருகிறேன். கருநீலம் என்றதும் அம்மாவின் கத்தரிக்கோல் நின்றது. "அவ அம்மா சும்மாவா விட்டா?" என்று கேட்டாள். அவருக்குப் பத்து வயதாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார் என்றேன். அவள் துணியின் சுருக்கத்தை நீவிவிட்டாள். பிறகு துணியைப் பார்த்தபடியே, "அதான். ஆசையா தச்சுக் குடுக்க ஆள் இல்லாதவ, எதையோ கட்டிக்கிட்டா. ஆள் இருக்கிறவளுக்கு என்ன வந்துச்சு?" என்றாள். நான் மெதுவாக வெளியே வந்துவிட்டேன். கதவைச் சாத்தும்போது துணி வெட்டும் சத்தம் கேட்டது.

கவுன் அழகாக வந்தது. கழுத்து வரை பித்தான், கை மணிக்கட்டில் ஒடுங்கும். ஆசிரியர் அறையில் எல்லோரும் கூடியிருக்க, வேதியியல் டீச்சர் போட்டுப் பார்த்தார். நல்ல ஆகிருதி அவருக்கு. கை நுழைந்தது, தோள் நுழையவில்லை. முதுகுப் பக்கம் ஒரு சாண் திறந்து நின்றது. "என்னக்கா, கதிரியக்கம் பட்டு கவுன் சுருங்கிடுச்சா?" என்று அவர் கேட்க, அறையே சிரித்தது. நெப்போலியன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. கவுனின் இரண்டு கைகளையும் நீட்டிப் பிடித்துப் பார்த்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். இடது கை வலது கையைவிட விரல் அகலம் குட்டை.

நீ எட்டாம் வகுப்பில் சைக்கிளிலிருந்து விழுந்து இடது முழங்கையை உடைத்துக்கொண்டாயே, ஞாபகம் இருக்கிறதா? கட்டுப் பிரித்தபோது கை கொஞ்சம் வளைந்தே கூடியிருந்தது. அன்றிலிருந்து உன் சட்டைகளுக்கு இடது கையை அம்மா குட்டையாகவே வெட்டுவாள். கடையில் வாங்கிய சட்டை போட்டால் இடது பக்கம் மட்டும் நீ மடித்துவிட்டுக்கொள்வாய். இந்த உலகத்தில் அப்படி வெட்டிய கவுன் வேறு யாருக்கு?

வேதியியல் டீச்சரின் அளவுச் சீட்டை அம்மாவே எழுதி, மெஷினுக்கு எதிரே சுவரில் குத்தி வைத்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில், "சீட்டைப் பார்க்காம வெட்டிட்டேன்" என்றாள். கொஞ்ச தூரம் போனபின், "கண்ணாடி மாத்தணும்" என்றாள். ஆமாம், மாற்ற வேண்டும் என்றேன். எத்தனையோ தவறுகளைச் சிவப்பு மையில் சுழித்தவன் நான். அந்தத் தவறின் மேல் எனக்குக் கை வரவில்லை.

விழாவன்று வேதியியல் டீச்சர் வக்கீலான தன் கணவரின் கருப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார். ரேடியத்தைக் கண்டுபிடித்த கதையை வக்கீல் போலவே வாதாடிச் சொன்னார். அமோகமான கைதட்டல்.

எனக்கு வேஷம் இல்லை. கடைசியாகப் பெர்லின் சுவரைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். உனக்கும் சொல்லிக் கொடுத்த பாடம்தான், ஆனால் நீ அன்றைக்குத் தூங்கியிருப்பாய், ஆகவே இன்னொரு முறை கேள். எல்லையைக் கடக்கப் புது விதிகள் வரப்போவதாக ஓர் அதிகாரி பத்திரிகைக்காரர்களிடம் படித்தார். விவரம் முழுக்க அவருக்குத் தெரியாது. எப்போதிலிருந்து என்று கேட்டார்கள். காகிதத்தைப் புரட்டினார். எனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்று சொல்லிவிட்டார். அன்றிரவே எல்லை வாசலைத் திறந்துவிட்டார்கள்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து, "அப்ப ஒருத்தர் தப்பா சொன்னதாலதான் சுவர் போச்சா சார்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் சொன்னேன்: அந்தத் தவறு வெறும் கீறல்தானம்மா. அதைக் கேட்ட ஜனங்கள் கோட்டு மாட்டிக்கொண்டு போய் வாசலில் நின்றார்கள். ஆயிரக்கணக்கில் நின்றார்கள். காவலுக்கு இருந்தவர்களுக்குத் தெளிவான உத்தரவு எதுவும் இல்லை. எதிரே ஆள் நின்றதால் திறந்தார்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் படுத்திருந்தால், விடிந்ததும் யாராவது ஒரு திருத்தம் அறிவித்திருப்பார்கள்.

இதைச் சொல்லும்போது பின்வரிசையைப் பார்த்தேன். மணிக்கட்டில் குண்டூசிப் பட்டையோடு அம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் எழுந்தும் போகவில்லை.

கவுனைப் பிரித்துத் தைத்தால் அடுத்த வருடம் யாருக்காவது ஆகுமே என்று தலைமையாசிரியை கேட்டனுப்பினார். "அது ஸ்கூலுக்கு இல்ல" என்று அம்மா சொல்லியனுப்பிவிட்டாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அது இப்போது மெஷின் அறை ஆணியில் தொங்குகிறது. போன வாரம் இரண்டு பக்கமும் பை வைத்தாள். பை இல்லாத உடுப்பை நீ தொடமாட்டாய் என்பது அவளுக்குத் தெரியாதா? நேற்று, அந்த ஊரில் குளிர் எப்படி என்று காற்றைக் கேட்பது போலக் கேட்டாள். உள்ளே லைனிங் துணி கொடுக்கலாமா என்று யோசிக்கிறாள் போலிருக்கிறது.

எல்லாம் முடிந்துவிட்டது. கீழ் மடிப்பு மட்டும் தைக்கவில்லை. ஏன் அப்படியே விட்டிருக்கிறாய் என்று கேட்டதற்கு, எனக்கு விவரம் போதாது என்பது போலப் பார்த்தாள். "ஆள் வந்து நிக்காம எப்படிங்க மடிக்கிறது? என்ன செருப்பு போடுவாளோ, இளைச்சிருக்காளோ என்னமோ. போட்டோவுல முகம் மட்டும்தானே தெரியுது" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. உடனே பூனையைத் திட்டப் போய்விட்டாள்.

வாயாடி, நீ கேட்ட ஒரு வார்த்தை இதுதான் என்று நான் சொல்லமாட்டேன். அவளிடம் கேட்டால் இல்லை என்று சாதிப்பாள். நீ விளக்கம் எதையும் கொண்டு வர வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். வழக்கமாகப் போடும் செருப்பைக் கொண்டு வா. மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா, அவருக்கு நான் நெப்போலியனை அறிமுகப்படுத்துகிறேன். மெஷின் அறையில் அந்தக் குட்டை முக்காலி அதே இடத்தில் இருக்கிறது. அதன் மேல் ஏறி நின்றுவிடு. அம்மா உன் காலடியில் உட்கார்ந்து அளவு பிடிப்பாள். வாயில் குண்டூசி இருக்கும், ஆகவே திட்ட முடியாது. நீயும் வாயைத் திறக்காதே. சின்ன வயதில் ஒரு நிமிடம்கூட அசையாமல் நிற்கமாட்டாய். இந்த முறை அவள் போதும் என்று சொல்லும்வரை நில் கண்ணு.

உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

வாசலைப் பார்த்தபடி,
அப்பா