அம்மா ரயிலில் சும்மா போகிறாள்

பிரிக்பீல்ட்ஸ்,
சனிக்கிழமை

அன்பு மகள் மலர்விழிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். டப்ளின் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஸ்காட் ரோடு கோயிலில் தினமும் முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் வருகிறேன். இந்தக் காலத்தில் காகிதத்தில் எழுதுகிறாரே அப்பா என்று சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் அம்மா படித்துவிடுவாள், போனில் பேசினால் பக்கத்தில் வந்து நிற்பாள். இது அவளைப் பற்றிய சேதி, என் தப்பும் ஒன்று இதில் இருக்கிறது, அதனால்தான்.

அம்மா நாவலை முடித்துக் கொடுத்தது உனக்குத் தெரியும். துறைமுகத்து ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தியின் கதை, ஏழு வருடம் எழுதினாள். கடைசிப் பக்கத்தை அனுப்பிய அன்று படுத்தவள் மூன்று நாள் தூங்கினாள், சாப்பிட மட்டும் எழுந்தாள். அப்புறம் பேனாவைத் தொடவில்லை, புத்தகம் பிரிக்கவில்லை. மனசு எப்படி இருக்கு என்று கேட்டதற்கு, “கல்யாணம் முடிஞ்சு கூட்டம் கலைஞ்ச மண்டபம் மாதிரி இருக்குங்க” என்றாள். அடுத்த வாரத்திலிருந்து காலைச் சாப்பாடு முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். எங்கே என்றால் “சும்மா” என்பாள். சென்ட்ரல் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் ஏறி, கடைசி ஸ்டேஷனான போர்ட் கிள்ளான் வரை போவாள், இறங்காமல் அதே ரயிலில் திரும்பி வருவாள். தினமும் இதே என்று ரயில்வேயில் இருக்கும் பழைய சிநேகிதர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது மலர். உன் குமுதா பெரியம்மாவுக்கு மறதி நோய் இப்படித்தானே தொடங்கியது, காரணம் இல்லாமல் பஸ் ஏறிக் காஜாங் போய் நின்றார்களே. உனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பதிப்பாளர் திருச்செல்வம் போன் செய்தார். அம்மா குளித்துக்கொண்டிருந்தாள், நான் எடுத்தேன். “அண்ணே, அக்கா அடுத்தது ஆரம்பிச்சாச்சா? வெளியீட்டு அன்னைக்கே அறிவிச்சுடலாம் லா” என்றார். மறுபடி மேசையில் உட்கார்ந்தால் இவள் பழையபடி ஆகிவிடுவாள் என்று என் புத்திக்குத் தோன்றியது. ஆரம்பித்தாகிவிட்டது, வருடக் கடைசிக்குள் வந்துவிடும் என்று சொல்லிவிட்டேன். முப்பத்தாறு வருட வாழ்க்கையில் அவள் எழுத்து விஷயத்தில் நான் மூக்கை நுழைத்தது அந்த ஒரு தடவைதான்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் பின்னாலேயே போனேன். அவள் நடுவில் இருக்கும் பெண்கள் பெட்டியில் ஏறினாள், எனக்கு அங்கே இடமில்லை, அடுத்த பெட்டியில் நின்று கண்ணாடி வழியாக எட்டி எட்டிப் பார்த்தேன். ஜன்னலில் தலை சாய்த்து உட்கார்ந்திருந்தாள். பந்தாய் டாலாம் தாண்டியதும் மழை. வீடுகளின் பின்பக்கம், கொடியில் நனையும் பள்ளிக்கூடச் சட்டைகள், வாழை மரங்கள், எல்லாம் தண்ணீருக்குள் மிதந்து போவதுபோல் போயின. அவள் முகம் கனவு காணும் குழந்தையின் முகம்போல இருந்தது. சுபாங் ஜெயாவில் திடீரென்று எழுந்து என் பெட்டிக்கே வந்துவிட்டாள். “எட்டிப் பாத்துப் பாத்து கழுத்து சுளுக்கிக்கும், உக்காருங்க” என்றாள். முதல் நிமிடத்திலேயே பார்த்துவிட்டாளாம்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். உனக்கு ஏதாவது மறக்கிறதா உஷா என்று நேராகவே கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அடுத்து வரும் ஸ்டேஷன்களை போர்ட் கிள்ளான் வரை ஒன்று விடாமல் சொன்னாள். பிறகு, “ஏழு வருஷமா காதுக்குள்ள யாராவது பேசிக்கிட்டே இருந்தாங்க. இப்ப யாரும் இல்ல. இந்தச் சத்தம் மட்டும் போதும்னு இருக்கு. அக்கா மாதிரி ஆயிடுவேன்னு பயந்தீங்களா?” என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்போதே திருச்செல்வத்திடம் சொன்ன பொய்யையும் சொல்லிவிட்டேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிள்ளான் போயிற்று, தெலுக் பூலாய் போயிற்று. ஜாலான் கஸ்தாமில் கதவு திறந்ததும் சட்டென்று இறங்கிவிட்டாள், நானும் ஓடி இறங்கினேன். ஆளில்லாத பிளாட்பாரம், மழை விட்டு உப்புக் காற்று. அங்கேயே நின்று திருச்செல்வத்துக்குப் போன் போட்டாள். “அவர் ஆசையில சொல்லிட்டாரு. நான் எதுவும் ஆரம்பிக்கல. எப்ப ஆரம்பிப்பேன்னு எனக்கே தெரியாது, ஆரம்பிக்காமயும் போகலாம். அறிவிக்காதீங்க தம்பி” என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்கு வலித்தது. என்னிடம், “மேசையில இருந்தாத்தான் நான் நானா?” என்று மட்டும் கேட்டாள். மன்னிச்சிடு என்றேன்.

அடுத்த ரயில் வர இருபது நிமிடம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிரே இருந்த சிக்னல் கம்பத்தைக் காட்டி, நான் ரயில்வேயில் இருந்தபோது பாடாங் ஜாவா பக்கம் சிக்னல் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு உடும்பு சுருண்டு கிடந்ததையும், நானும் கூட வேலை பார்த்த இம்ரானும் அதை ரொட்டி காட்டிக் கூப்பிட்டதையும், அது அசையாமல் எங்களையே முறைத்ததையும், அதனால் இரண்டு ரயில் தாமதமாகி மேலதிகாரி திட்டியதையும் சொன்னேன். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இதை ஏங்க என்கிட்ட சொன்னதே இல்ல?” என்றாள். நான் வேலை விட்டு வரும்போதெல்லாம் நீ எழுதிக்கொண்டிருப்பாய், சத்தம் வரக் கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போவேன் என்றேன். குறையாகச் சொல்லவில்லை மலர், உள்ளதைச் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னொன்னு சொல்லுங்க” என்றாள். இதையெல்லாம் அடுத்த கதையில் போட்டுவிடுவாயா என்று கேட்டேன். “மாட்டேங்க, இது எனக்கு” என்றாள்.

இப்போது தினமும் இரண்டு பேரும் போகிறோம். முப்பத்தோரு வருடம் அந்தத் தண்டவாளத்தில் வேலை செய்தவன் நான், ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது இப்போதுதான். சில நாள் நான் பேசுவேன், சில நாள் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிவிடுவோம், போர்ட் கிள்ளானில் துப்புரவு செய்யும் அக்கா தட்டி எழுப்புவார்.

அதனால் அம்மா போனில் பேசும்போது அடுத்த புத்தகம் எப்போது என்று நீயும் கேட்காதே கண்ணு. இன்றைக்கு என்ன பார்த்தாய் என்று கேள். வைட்டமின் மாத்திரையை மறக்காதே, வெயில் இல்லாத ஊர். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல் மனம் நிறைந்து வாழ அப்பா அம்மாவின் ஆசி என்றும் உண்டு. அம்மா குடையோடு வாசலில் நின்று ரயில் போய்விடும் என்று கூப்பிடுகிறாள், இதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

இப்படிக்கு
உன் அன்பு அப்பா
தம்புசாமி