மடிக்கிற நேரம்

என்னங்க, அந்தக் கேக் டப்பா தையல் மெஷின் மேலேயே இருக்கிறது. முந்தாநாள் விமலா வைத்துவிட்டுப் போன இடத்தை விட்டு நகர்த்தவில்லை. மூடி சரியாக மூடவில்லை போலிருக்கிறது, வீடு முழுக்கக் கிராம்பும் முந்திரியுமாக ஒரே கிறிஸ்மஸ் வாசம். மற்ற வருஷம் என்றால் மோந்து மோந்து பார்ப்பேன். இப்போது ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன். எடுத்து உள்ளே வைக்கலாம்தான், கை போகமாட்டேன் என்கிறது.

விமலாவை உங்களுக்குத் தெரியாது. நீங்கள் கண்ணை மூடின பிறகு என்னிடம் ஜாக்கெட் தைக்க வந்தவள். புதாற்றுக்கு அந்தப் பக்கம் வீடு, நாற்பதைத் தொட்ட வயது, கை சுத்தம், வாய் கொஞ்சம் நீளம். கிறிஸ்மஸ், பொங்கல், தை முகூர்த்தம் என்று இந்த மாதங்களில் துணி குவிந்துவிடும் அல்லவா? சாயங்காலம் ஆறு மணிக்குப் போகவேண்டியவளை, "இருடி, இந்த ஒண்ண முடிச்சிருவோம்" என்று சொல்லிச் சொல்லியே இருத்தி வைத்தேன். அந்த ஒன்று என்றைக்கும் ஒன்றோடு முடிந்ததில்லை.

முந்தாநாள் அவளிடம் கேக் டப்பாவையும் ஒரு புதுப் புடவையையும் நீட்டினேன். அவள் புடவையைத் தொடவே இல்லை. டப்பாவை மட்டும் கையில் வாங்கிக்கொண்டு, "அக்கா, ஆறு மணிக்கு மேல தச்சதுக்கு ஏதாச்சும் போட்டுக் குடுங்களேன்" என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"என்னடி எங்கிட்டயே கணக்குப் பாக்குற? உன்ன வேலைக்காரியாவா நெனச்சேன்? வீட்டு மனுஷியால்ல நெனச்சேன்!"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். டப்பாவை மெஷின் மேல் வைத்தாள். "போறேன்க்கா" என்றாள். எப்போதும் "வரேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போகிறவள். அவள் படியிறங்கித் தெருமுனை திரும்பிய பிறகுதான், நான் பேசியது யாருடைய பேச்சு என்று எனக்கு உறைத்தது. உங்கள் முதலாளியம்மா பேச்சுங்க அது. வார்த்தை மாறாமல் என் வாயிலிருந்து வந்திருக்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜவுளிக்கடைப் பட்டு செக்ஷனில் நீங்கள் நின்ற காலம் நினைவுக்கு வருகிறது. நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பெல்லாம் சுருண்டு கிடக்கும். வெளியே ஷட்டரைப் பாதி இறக்குவார்கள், வருகைப் பதிவை முடிப்பார்கள். உங்களுக்கு அதற்குப் பிறகுதான் அடுத்த வேலையே. பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடு எல்லாம் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போட்ட புடவைகள் மலையாகக் கிடக்கும். அத்தனையையும் மடிப்புக் கலையாமல் மடித்து அடுக்கினால்தான் வீடு. அந்த நேரம் யார் கணக்கிலும் கிடையாது.

ஒருநாள் முதலாளியிடம் கேட்டே விட்டீர்கள். "மடிக்கிறதெல்லாம் ஒரு வேலையாப்பா?" என்று அவர் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நான் சொன்னேன், எங்க திருத்துறைப்பூண்டிப் பக்கம் அறுக்கிறதுக்கு மட்டும் கூலி இல்லீங்க, நெல்லுக்கட்டைச் சுமந்து களத்துல கொண்டாந்து போடுறவரைக்கும் சேத்துத்தான் கூலின்னு. அந்தாளு மூஞ்சி சுருங்கிப்போச்சு." நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

ஏனென்றால் முதலாளி எனக்கு முதலாளி மட்டுமா? நம்ம மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது ஞானத்தகப்பனாக நின்றவர். அது என் யோசனைதான். பெரிய இடத்துத் துணை பிள்ளைக்கு இருக்கட்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்றேன். "முதலாளிய சொந்தமாக்கிக்கிட்டா நாளைக்குக் கூலிய எப்படிடி கேக்குறது?" என்றீர்கள். "உங்களுக்கு எதுலயும் குதர்க்கம்தான்" என்று வாயை அடைத்தேன். வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு அந்த வீட்டிலிருந்து பாப்பாவுக்குப் பட்டுப் பாவாடை வரும். கோயிலில் நாலு பேர் பார்க்க அதைப் போட்டு முன்வரிசையில் உட்கார வைப்பேன். "நம்ம கூலியில வெட்டின துணிதான் அது" என்று நீங்கள் முணுமுணுப்பீர்கள்.

சம்பளத்தை முதலாளி எதிரிலேயே எண்ணுகிற பழக்கம் வேறு உங்களுக்கு. ஒருதரம் நானும் கூட இருந்தேன். மானம் போகிறது என்று பின்னாலிருந்து கிள்ளினேன். வெளியே வந்ததும் கையைத் தடவிக்கொண்டே சொன்னீர்கள்: "எண்ணி வாங்கினாத்தான்டி கூலி. எண்ணாம வாங்கினா அதுக்குப் பேரு இனாம்."

மறுபடி மறுபடி கேட்டதற்கு, நாளையிலிருந்து வரவேண்டாம் என்றார்கள். கடைசிச் சம்பளத்தையும் நிறுத்திவைத்தார்கள். நீங்கள் கூட வேலை பார்த்த சிலரைச் சேர்த்துக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்தீர்கள். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி என்று சட்டமே இருக்கிறதாம், அதைக் கேட்டுவந்து சின்னப்பிள்ளை மாதிரி சந்தோஷப்பட்டீர்கள். எனக்கோ கோயிலில் தலை தூக்க முடியவில்லை. ஞானத்தகப்பன் மேலேயே கேஸ் போட்ட மனுஷன் பெண்டாட்டி என்று பின்னால் குசுகுசுத்தார்கள். முன்வரிசையை விட்டுக் கடைசித் தூண் பக்கம் போய் ஒளிந்துகொண்டேன்.

"ஊரே சிரிக்குது, மானத்த வாங்காதீங்க" என்று கத்தினேன்.

"நான் வாங்கப் போறது கூலியடி. மானம் எங்கிட்டதான் இருக்கு" என்றீர்கள். அப்படிப்பட்ட மனுஷனைப் பார்த்து நான் வெட்கப்பட்டேன். இன்றைக்கு நினைத்தால் அந்த வெட்கத்தை நினைத்துத்தான் வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சமயம்தான் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. முதலாளியம்மா ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டாள். நீங்கள் வீட்டில் இல்லை, உங்களிடம் சொல்லாமலே போனேன். ஏசி ரூமில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தாள். "கணக்கெல்லாம் நமக்குள்ள எதுக்கு? உங்கள வேலைக்காரங்களாவா நெனச்சோம்? வீட்டு மனுஷங்களால்ல நெனச்சோம்" என்றபடி ஒரு பட்டுப்புடவையை என் மடியில் வைத்தாள். ஞானமகளுக்குக் கல்யாணப் புடவையாம். நான் அழுதேவிட்டேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

வீட்டில் புடவையைப் பார்த்ததும் நீங்கள் அதைக் கையில் வாங்கினீர்கள். பிரித்தீர்கள், ஒருதரம் உதறினீர்கள், ஒழுங்காக மடித்தீர்கள். "ஜரிகை உள்பக்கம் போகணும், இல்லன்னா கறுத்துரும்" என்றீர்கள். நீங்கள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குப் பேசியிருப்பேன், அதோடு போயிருக்கும்.

அடுத்த வாய்தாவில் கடைக்காரர்கள் தரப்பு என்ன சொன்னது என்று நான் பிறகுதான் கேள்விப்பட்டேன். "வீட்டம்மா பட்டுப்புடவை வாங்கிட்டுப் போயிட்டாங்க, அதோட பாக்கியெல்லாம் தீந்துபோச்சு" என்றார்களாம். பெண்டாட்டி விவரமில்லாமல் வாங்கிவிட்டாள் என்று ஒரு வார்த்தை நீங்கள் சொல்லியிருக்கலாம். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அவகாசம் கேட்டுவிட்டு, மத்தியான வெயிலில் பஸ் பிடித்து வந்து பீரோவைத் திறந்தீர்கள். "இது அவங்களோடது" என்று புடவையை எடுத்துக்கொண்டு போனீர்கள். நான் வாசல்வரை ஓடிவந்து, "பொண்ணு என்னத்தக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போவா, உங்க வீம்பையா?" என்று தெருவே கேட்கக் கத்தினேன். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. புடவையை அதிகாரி மேஜைமேல் வைத்து, "இது இனாமுங்க. நாங்க கேட்டது கூலி" என்றீர்களாம். உங்கள் கூட நின்றவர்கள்தான் உங்கள் துக்கத்துக்கு வந்தபோது இதை என்னிடம் சொன்னார்கள். கடன் வாங்கி எடுத்த புடவையில் மகள் கல்யாணம் நன்றாகத்தான் நடந்தது.

இழுத்தடித்து ஒருவழியாகப் பணம் வந்தது. மடித்த நேரத்துக்கும் சேர்த்து. அந்தப் பணத்தில் நீங்கள் செய்த முதல் காரியம், எனக்கு இந்த மோட்டார் மெஷினை வாங்கிப்போட்டது. "உன் பேச்சுக்கு இதுதான் சரியான ஜோடி, விடாம ஓடும்" என்று கேலி செய்தீர்கள். நானும் சிரித்தேன். புடவை வாங்கியது தப்பு என்று பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். பக்கத்தில் படுத்திருந்த உங்களிடம் சொல்லவில்லை. சொல்லிக்கொள்ளலாம், எங்கே போய்விடப் போகிறார் என்று இருந்தேன். போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி மழையில் நீங்கள் போயே போய்விட்டீர்கள்.

அந்த மெஷினில் உட்கார வைத்துத்தாங்க நான் விமலாவின் சாயங்காலங்களைத் தின்றிருக்கிறேன். அதன் மேல்தான் இந்தக் கேக் இருக்கிறது.

நேற்று அவள் வேலைக்கு வரவில்லை. இன்று காலையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரட்டைக் கூலியாகவே போட்டுக் கவரில் வைத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் மிதப்பாகத்தான் போனேன். நீங்கள் இருந்தால் மெச்சிக்கொள்வீர்கள் என்றுகூட நினைத்தேன், பாருங்களேன்.

விமலா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கவரை வாங்கிப் பிரித்து, என் எதிரிலேயே எண்ணினாள். எனக்கு உங்களைக் கிள்ளிய ஞாபகம் வந்தது. எண்ணி முடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அக்கா, இது மெஷின் ஓடுன நேரத்துக்குச் சரியா இருக்கு. நிறுத்துனப்பறம் ஒக்காந்து கொக்கி வெச்சேன், பிசிறு வெட்டுனேன், எல்லாத்தையும் மடிச்சுக் கவர்ல போட்டேன்ல? அது?"

எனக்கு முகம் எரிந்தது. மடிக்கிறதும் வேலைதான் என்று நீங்கள் கேட்டு வாங்கிய கதையை இந்தத் தெருவில் எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்! விமலாவிடமே சொல்லியிருக்கிறேன். திருந்திவிட்டதாக நினைத்து வந்த இடத்திலும் அந்த நேரத்தைத்தான் விட்டிருக்கிறேன்.

"விட்டுப்போச்சுடி. கொண்டாந்து தரேன்" என்றேன்.

"அதுக்காக அலையாதீங்க. நாளைக்கு வரப்ப வாங்கிக்கிறேன்" என்றாள். கீரையைப் பார்த்துக்கொண்டே, "கேக் டப்பாவ உள்ள எடுத்து வைங்கக்கா, எறும்பு மொய்க்கும்" என்றாள்.

வந்து மெஷின் எதிரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எறும்பு வந்துவிட்டது. நாளைக்கு அவள் பாக்கியை எண்ணி முடிக்கிறவரை வாயைத் திறக்காமல் நிற்பேன். அப்புறம் அவளிடம் ஒன்று சொல்லவேண்டும். கேட்க நீங்கள் இருந்தபோது உங்களிடம் நான் சொல்லாமல் விட்டதுதான் அது.

நான் செஞ்சது தப்புங்க.