காலுக்கு முதலில் தெரிந்தது

விருதுநகர்
7.7.2025

அன்புள்ள பெர்சிஸ்,

சாப்பிட்டாயா, பிள்ளைகள் சுகமா என்று கேட்டாயிற்று. இனிப் பெருமை அடித்துக்கொள்கிறேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம்.

ஒன்பதாம் வகுப்புப் பாறைக்கோளப் பாடத்தை நீ கரும்பலகையில் நடத்து, நான் செய்துகாட்டி நடத்துகிறேன், ஒரே வினாத்தாளில் யார் பிள்ளைகள் முந்துகிறார்கள் பார்ப்போம் என்று பந்தயம் கட்டினோமே. களிமண்ணில் எரிமலை செய்து, உள்ளே புஸ்வாணம் வைத்து மைதானத்தில் கொளுத்தினேன். பிள்ளைகள் போட்ட கூச்சலில் தலைமையாசிரியரே எட்டிப் பார்த்தார்! ஜெயிக்கிறவர்தான் மாவட்ட ஆசிரியர் பயிற்சியில் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், மறந்துவிடாதே. சாக்பீஸைக் கட்டிக்கொண்டு அழாமல் நீயும் ஒன்று கொளுத்து. உங்கள் ஊரில் வெடிக்கா பஞ்சம்?

உன் ஞானசுந்தரி

விஸ்வநத்தம்
14.7.2025

ஞானம்,

உன் பேச்சைக் கேட்டுக் கொளுத்தினேன். அது சீறிய சீறலில் பாதிப் பேர் சுவரோரம் ஓடிக் குனிந்துவிட்டார்கள். எல்லாம் பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போகிற வீடுகள். இத்தனை வருடம் இந்த ஊரில் இருந்தும் எனக்கு உறைக்கவில்லையே!

போன வருட ஆலை விபத்தில் என் வகுப்பு ஐஸ்வர்யாவின் அம்மா யோகேஸ்வரிக்கு இரண்டு கையும் வெந்துபோனது. அந்தப் பிள்ளை அன்று ஓடியவள்தான், திரும்பி வரவில்லை. "இனிப் பள்ளிக்கூடமே வேண்டாம்" என்கிறாளாம். உன் பந்தயமும் வேண்டாம், பயிற்சியும் வேண்டாம். அவள் வந்தால் போதும்.

பெர்சிஸ்

விருதுநகர்
17.7.2025

பெர்சிஸ்,

என் பிள்ளைகளுக்கு அது தீபாவளி, உன் பிள்ளைகளுக்கு அம்மா போகிற வேலை. எனக்குத் தோன்றவே இல்லை, மன்னித்துவிடு. அவள் வீட்டுக்கு நீயே போ. திட்டு வாங்க ஆள் வேண்டுமென்றால் நானும் வருகிறேன்.

ஞானசுந்தரி

விஸ்வநத்தம்
28.7.2025

என் ஞானம்,

வந்துவிட்டாள்!

வீட்டுக்குப் போய், "நான் செஞ்சது தப்புத்தான். இனி நம்ம வகுப்புல தீக்குச்சிகூட உரச மாட்டேன்" என்றேன். ஐஸ்வர்யா அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். யோகேஸ்வரிதான், "டீச்சரே வீடு தேடி வந்திருக்காக. போ தாயி" என்றாள்.

மறுநாள் நிலநடுக்கப் பாடம். அலைகளைப் பலகையில் வரைந்துகொண்டிருந்தேன். ஐஸ்வர்யா தானாக எழுந்தாள். "டீச்சர், அன்னைக்கு ஆலை வெடிச்சப்ப இங்கன மொதல்ல காலுக்குத்தான் அதிர்ந்துச்சு. பொறவுதான் சத்தம் வந்துச்சு. அது ஏன்?"

"ஆமா டீச்சர், ஆமா டீச்சர்" என்று வகுப்பே எழுந்துவிட்டது. காற்றில் சத்தம் வருவதைவிடப் பாறை வழியே அதிர்வு வேகமாக வரும் என்று அங்கிருந்தே தொடங்கினேன். பிள்ளைகள் வரிசையாகத் தோள் பிடித்து நின்று, ஒரு தள்ளலைக் கடைசி ஆள் வரை கடத்திப் பார்த்தார்கள். முதல் ஆளாக நின்று தள்ளியது யார் தெரியுமா? ஐஸ்வர்யா!

நாம் பேசிய வினாத்தாளையும் வைத்துவிட்டேன்; நீ போனில் சொன்ன மதிப்பெண்களோடு பார்த்தால், நிலநடுக்கத்துக்கு என் பிள்ளைகளை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் மொத்தத்தில் ஜெயித்தது நீதான். போய் நடத்து. எனக்கு வருத்தமே இல்லை.

உன் பெர்சிஸ்

விருதுநகர்
1.8.2025

அடி பெர்சிஸ்,

பயிற்சிக்கு உன் பெயரைக் கொடுத்துவிட்டேன், சண்டைக்கு வராதே. நான் எரிமலை காட்டினேன். பிள்ளைகள் பார்த்தார்கள், கைதட்டினார்கள். ஒரு பிள்ளைகூட 'ஏன்' என்று கேட்கவில்லை.

ஐஸ்வர்யாவையும் அவள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. வரிசையில் தோள் பிடிக்க ஆள் வேண்டுமே, அவளுக்கு அடுத்த இடம் எனக்கு.

ஞானசுந்தரி