குழாய் வேண்டாம் என்கிறாள்

கண்டி ஆஸ்பத்திரி வார்டு.

மூவுலகும் போற்றும் என் மருமகளுக்கு,

உன் தாய்மாமன் இங்கே ஒரு முக்காலியைச் சிம்மாசனமாக்கி வார்டையே ஆண்டுகொண்டிருக்கிறேன். உன் அம்மாவுக்கு வெறும் காய்ச்சல் என்று நான் சொன்னது பொய். ஈரலில் சீழ் கட்டியிருக்கிறது. ஊசி விட்டு அதை உறிஞ்சியபோது கண்டி வாவியே நிரம்பிவிடும் என்று பயந்தேன். சிரித்துவிடு. இரண்டாம் தரமும் உறிஞ்சினார்கள். மறுபடியும் கட்டிவிட்டது.

"ஊசி இனிச் சரிவராது. மெல்லிசா ஒரு குழாய் வச்சா சீழ் தானா பையில வடியும். வயித்த வெட்டத் தேவையில்ல" என்கிறார் டொக்டர்.

உன் அம்மாவோ, "அண்ணே, பையத் தொங்கவிட்டுக்கிட்டா மக கல்யாணத்துல நிக்கிறது? இன்னொரு ஊசி போடச் சொல்லுங்க. அவகிட்ட மூச்சு விடாதீங்க" என்கிறாள்.

ஒற்றைக் கையால் பேராதனைப் பாலத்தைத் தூக்கி நிறுத்தியவன் நான். என் தங்கையின் தலையைச் சம்மதமாக ஒருதரம் ஆட்டவைக்க முடியவில்லை. குளிர்காய்ச்சலில் கட்டிலே நடுங்குகிறது. நேற்று அவளைச் சிரிக்கவைக்க வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

பந்தக்கால் நட்ட பிறகு கல்யாணப் பெண் படி தாண்டக் கூடாதாம். நட்டவன் நான்தானே, நானே பிடுங்குகிறேன். காலையில் முதல் பஸ்ஸிலேயே கலகெதரவிலிருந்து புறப்பட்டு வா. முகூர்த்தத்தைத் தள்ளிவைக்கலாம் என்று நீயே அவளிடம் சொல். என் பேச்சை அவள் கேட்கமாட்டேன் என்கிறாள், தாயே.

வாசலிலேயே நிற்கும்,
உன் மாமா