நான்காம் மாடி பார்லர்

அன்பு மகள் டானியலாவுக்கு, அம்மா எழுதுவது. மாதாவின் அருளால் நானும் அப்பாவும் புக்கிட் மேராவில் நல்லபடியாக இருக்கிறோம். கால்கரியில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தினமும் செபத்தில் கேட்டுக்கொள்கிறேன். போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். இதைப் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் சிரித்துவிடுவாய், இல்லையென்றால் பயந்துபோய் என்னை வேலையை விடச் சொல்வாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, ஞாயிறு பூசைக்கு என்னோடு பஸ்ஸில் வருகிறார், முடிந்ததும் தேக்கா சந்தையில் மீன் வாங்காமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை.

நான் வேலை பார்க்கும் மைமூனின் தையல் கடை இருக்கும் காம்ப்ளெக்ஸை விற்றுவிட்டார்கள் என்று உனக்குச் சொல்லியிருந்தேன். கீழே கடைகள், நடுவில் ஆபீஸ்கள், மேலே வீடுகள் என்று எந்நேரமும் ஜனம் நெரிந்த இடம், வருடக் கடைசிக்குள் எல்லாரும் காலி செய்ய வேண்டும் என்றதும் ஒவ்வொன்றாக ஷட்டர் இறங்கிவிட்டது. எஸ்கலேட்டரை நிறுத்திவிட்டார்கள், விளக்குகளில் பாதி எரிவதில்லை. மூன்றாம் மாடியில் நாங்கள் மட்டும்தான் மிச்சம். எங்கள் மாடிக் கழிவறையைப் பூட்டிவிட்டதால் நான் நான்காம் மாடிக்குப் போய்வந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் அப்படிப் போகும்போது, அனிதாவின் பார்லர் உனக்கு ஞாபகமிருக்கும், அதன் கண்ணாடிக் கதவுக்குள்ளே ஒரு பெண் எனக்கு முதுகு காட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்த நிலைக்கண்ணாடியில் முகம் இருட்டாகத் தெரிந்தது. தலை வாரிக்கொள்ள வந்தவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டே கடந்து போய்விட்டேன். திரும்பி வந்து மைமூனிடம் சொன்னதும் அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "என்னக்கா சொல்றீங்க, அனிதா சாமானை அப்படியே போட்டுட்டுக் கடையைப் பூட்டிட்டுப் போயி எத்தனை மாசமாச்சு?" என்றாள். இரண்டு பேருமாக ஓடிப்போய்ப் பார்த்தோம். கதவில் பூட்டுத் தொங்கியது, உள்ளே யாருமில்லை. ஆனால் அந்தச் சுழல் நாற்காலி மட்டும் மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தது, நாங்கள் பார்க்கப் பார்க்கத்தான் நின்றது.

காவலுக்கு இருக்கும் ஜலாலுதீன் பாயிடம் கேட்டதற்கு, "நானும் பாத்திருக்கேன்க்கா. அந்த மாடிக்குத் தனியா போறதில்ல," என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார். அதன் பிறகு நான் பக்கத்துக் கட்டடத்துக் கழிவறைக்குத்தான் போனேன். போன வாரம் நான்காம் மாடியை அடைக்க ஆட்கள் வந்தார்கள். கடைகளின் கண்ணாடிமேல் பலகை வைத்து ஆணி அறைந்துகொண்டே வந்தார்கள். மறுநாள் அவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், எங்கள் கடைக்கு நேர் மேலே, அந்தப் பார்லர் இருக்கும் இடத்தில், டொக் டொக் என்று ஒரு சத்தம். நிற்கும், பிறகு கேட்கும். மைமூன் வானொலியைக் கூட்டி வைத்தாள். எனக்குத் தையல் ஓடவில்லை. பேய் இப்படிக் களைத்துப்போய்த் தட்டுமா என்று ஒரு எண்ணம், அது வந்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. ஜலாலுதீன் பாயைப் போய்ப் பிடித்தேன். "அது ஆள் இல்லக்கா, விட்ருங்க," என்றார். "ஆள் இல்லன்னா திறந்து பாக்குறதுல என்ன பயம்?" என்றேன். பாதிப் பலகையைக் கழற்றிப் பூட்டைத் திறந்து டார்ச் அடித்தார். நாற்காலியில் சரிந்து கிடந்தது யார் தெரியுமா, மேலே வீட்டில் தனியாக இருந்த சுசீலாம்மா! என்னிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பாரே, அவரேதான். உதடெல்லாம் வெடித்து, மோதிரம் போட்ட விரலால் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "என் முறை வந்துருச்சாம்மா?" என்றார். ஆமாம்மா, வாங்க என்று சொல்லி அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவருக்குக் கொஞ்ச காலமாகவே மறதி. மேலே அக்கம்பக்கத்தில் எல்லாரும் காலி செய்துவிட்டதால் கவனிக்க ஆளில்லை. பழைய பழக்கத்தில் பின்படிக்கட்டு வழியாக இறங்கி, பூட்டாத பின்கதவைத் தள்ளிக்கொண்டு பார்லருக்குள் போய் உட்கார்ந்து, பிறகு தானே மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். இந்த முறை அவர் உள்ளே இருக்கும்போது வேலையாட்கள் பழைய அலமாரிகளைக் கொண்டுவந்து அந்தப் பின்கதவில் அடுக்கிவிட்டார்கள். முந்தின நாளிலிருந்து இருட்டில் தண்ணீரில்லாமல் கிடந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்து கொண்டுபோனது, பிழைத்துக்கொண்டார். செம்பவாங்கில் இருக்கும் மகன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். எத்தனை கூப்பிட்டும் இவர் தன் வீட்டை விட்டு வர மாட்டேன் என்றாராம். இனித் தன்னோடு வைத்துக்கொள்கிறானாம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். தெளிவாகத்தான் பேசினார், என் பேர் சொல்லிக் கூப்பிட்டார். திடீரென்று, "பக்கத்து நாற்காலியில இருந்த அம்மாவையும் கூட்டிட்டு வந்துட்டீங்கல்ல? பாவம், எனக்கு முன்னாடியே வந்து காத்துக்கிட்டு இருந்தாங்க. எழுப்பினா எழும்பவே மாட்டேன்னாங்க," என்றார். "வந்துட்டாங்க," என்று நான் சொல்லிவிட்டேன், வேறென்ன சொல்வது. வெளியே வந்ததும் ஜலாலுதீன் பாய்க்குப் போன் போட்டேன். அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, "வாங்கக்கா, பாத்துருவோம்," என்றார். பலகைகளைக் கழற்றி, பார்லரிலிருந்து கழிவறை வரை அந்த மாடி முழுவதும் தேடினோம். யாருமில்லை. திரும்ப அடைப்பதற்கு முன்னால் பாய் நடைபாதையின் நடுவில் நின்றுகொண்டு, தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் உரக்கக் குரல் கொடுத்தார்: "யாராச்சும் இருந்தா வந்துருங்க, அடைக்கப் போறோம்!" காத்து நின்றோம். யாரும் பட்டனை அழுத்தவில்லை, லிஃப்ட் தானாக மேலே வந்து திறந்தது. உள்ளே வெறுமை. மெதுவாக நடக்கிற ஒருவர் ஏறுவதற்கு வேண்டிய நேரம் அது திறந்தே நின்றது, பிறகு மூடிக்கொண்டு இறங்கிப் போனது. பாய் தலையிலிருந்த தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார், நான் சிலுவை போட்டுக்கொண்டேன். நாங்கள் இருவரும் படிக்கட்டு வழியாகத்தான் இறங்கினோம்.

அப்பாவிடம் சொன்னேன், பழைய லிஃப்ட் அப்படித்தான் என்றார். இருக்கலாம். நீ அத்தனை உயரமான மாடி வீட்டில் தனியாக இருக்கிறாய், பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய் உன் பேரைச் சொல்லி வை, இரண்டு நாள் உன்னைக் காணாவிட்டால் கதவைத் தட்டச் சொல். வெட்கப்படாதே. குளிருக்குக் காதை மூடிக்கொள், பூசையை விட்டுவிடாதே. மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாளாக. இது கைக்குக் கிடைத்ததும் ஒரு வார்த்தை போன் பண்ணு.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அம்மா,
பிலோமினம்மாள்