ஐலா வீட்டுக் கூரை மேல் ஓர் அணை

ஜனவரி 3, 1988, ஞாயிறு

அக்கா மகள் ஐலா காலையில் போன் செய்தாள். மாடிப் பின்னறை சீலிங்கில் தட்டளவு பழுப்புக் கறை. பிப்ரவரி கடைசியில் பிறக்கப் போகும் குழந்தைக்கென்று அவள் மஞ்சள் பெயின்ட் அடித்து, தொட்டில் போட்டு வைத்திருக்கும் அறை அது.

போய்ப் பார்த்தேன். கூரை விளிம்பில் என் தொடை கனத்துக்கு ஐஸ் ஈட்டிகள், நாற்பது. (பதினொன்று. நாற்பது என்றால்தான் மனதுக்குத் திருப்தி.)

பார்த்தவுடனே சொல்லிவிட்டேன், இது பனி அணை. வீட்டுச் சூடு மேலேறிக் கூரைப் பனியை அடியில் உருக்கும். தண்ணீர் ஓடி வந்து, சூடு எட்டாத விளிம்பில் உறைந்து கரை கட்டும். அதற்குப் பின்னால் குளம். குளத்துத் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் நுழைந்து வீட்டுக்குள் வரும். ஆறாம் வகுப்போடு நின்றவன் இவ்வளவு சொல்கிறேனே, ஏழாவது போயிருந்தால் இந்த மாவட்டம் தாங்கியிருக்காது.

அந்த அறைக்கு அடுத்ததுதான் அக்டோபரில் நான் என் கையால் கட்டிக் கொடுத்த சவுனா, அடுப்பில் கல்லைச் சுடவைத்துத் தண்ணீர் ஊற்றி ஆவியில் குளிக்கும் அறை. ஊரில் அதற்கு ஈடு கிடையாது.

ஜனவரி 4

கோடாலியால் அணையை உடைத்தேன். அணை கொஞ்சம் வந்தது. ஓடு மூன்று வந்தது.

ஐலாவின் கணவன் ரால்ஃப் பனி வாரும் லாரி ஓட்டுகிறவன். லாரியிலிருந்து இறங்காமலே பார்த்துவிட்டு, "மாமா, நீங்க ஐஸை வெட்டுறீங்களா, வீட்டை வெட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

ஜனவரி 6

ஐலாவின் பழைய நைலான் காலுறை ஒரு ஜோடி கேட்டு வாங்கி, பனி உருக்கும் உப்பை நிரப்பி, அணைக்குக் குறுக்கே போட்டேன். தொடை வரை நிரம்பிய காலுறைகள். தெருவிலிருந்து பார்த்தால் ஒரு பெண்பிள்ளை கூரையில் மல்லாந்து படுத்திருப்பது போலவே இருந்தது. பாஸ்டர் காரை நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அணையில் இரண்டு வாய்க்கால் விழுந்தது. மறுபடி பனி பெய்து மூடியும் விட்டது.

ஜனவரி 9, சனி

புது யோசனை. சூட்டைச் சூட்டால் அடிப்பது. இன்று சவுனாவை நாலு மணி நேரம் எரியவிட்டு, தெரு ஆண்களை எல்லாம் உட்கார வைத்து, கல்லில் வாளி வாளியாக ஊற்றினேன். ஆவி மேலே போய் அணையை அடியோடு உருக்கட்டும்.

ஜனவரி 10, ஞாயிறு

கறை இப்போது அண்டா அளவு. சொட்டுகிறது. தொட்டிலை நடுக்கூடத்துக்கு இழுத்துவிட்டார்கள்.

ஐலா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "மாமா, புள்ள வர்றதுக்குள்ள இந்த ரூம் காயணும். காயலைன்னா நான் டுலூத்துக்கு மாமியார் வீட்டுக்குப் போயிடுறேன். கோடை வரைக்கும் அங்கதான்" என்றாள்.

டுலூத் காரில் நாலு மணி நேரம், இந்தப் பனியில் எட்டு. கோடை வரைக்கும் என்றால் பிள்ளை அதற்குள் உட்காரப் பழகிவிடும். நான்தான் ஞானத்தந்தை என்று நவம்பரில் நன்றிசொல்லும் திருநாள் விருந்திலேயே சொல்லியிருந்தாள். புதுச் சட்டைகூட வாங்கிவிட்டேன்.

ஜனவரி 12

எதிர்வீட்டு டிரெம்பத் வந்தான். நாற்பது வருடம் கூரை வேலை செய்தவன், கார்னிஷ் வம்சத்தான். பேச்சில் கஞ்சன். கூரையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. ஐலா போட்ட ஏலக்காய் ரொட்டியில் மூன்று துண்டு தின்றான். எந்தெந்த நாள் ஒழுகியது என்று அவளிடம் கேட்டான். காலண்டரைப் பார்த்தான்.

"யோவ் வெய்க்கோ, மழை பேஞ்சா ஒழுகும், வெயிலடிச்சா ஒழுகும். சனிக்கிழமை குளிச்சா ஞாயித்துக்கிழமை ஒழுகுற கூரையை இப்பத்தான்யா பாக்குறேன்."

நாங்கள் லூத்தரன் சபை, எங்கள் கூரைக்கும் ஞாயிறு ஓய்வுநாள் என்றேன். அவன் சிரிக்கவில்லை. சவுனாவின் ஆவிக்குழாய் எங்கே போகிறது என்றான்.

கூரைக்கு வெளியே என்றேன். கண் கொட்டாமல் சொன்னேன்.

ஜனவரி 13

இங்கேயாவது எழுதுகிறேன்.

அக்டோபரில் முதல் பனி சீக்கிரம் விழுந்துவிட்டது. கூரை வழுக்கியது. ஆவிக்குழாயை வெளியே விட ஓட்டை போட ஏறவில்லை. குழாயின் வாயைக் கூரைப் பரணிலேயே விட்டுவிட்டு, ஜூனில் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டேன். பிறகு ஒற்றைக் கயிற்றில் தொங்கிக்கொண்டு ஓட்டை போட்டதாகக் கடைத்தெருவில் சொன்னேன். எத்தனை முறை சொன்னேனோ — கயிற்றின் நிறம்கூட ஞாபகம் இருக்கிறது. நீலம்.

ஜனவரி 14

ஐலா டாக்டரிடம் போயிருந்தாள். பரணில் ஏறினேன். ஆணி முனைகளெல்லாம் பூத்தாற்போல வெள்ளை உறைபனி. சூடு காக்கப் பரப்பியிருந்த கண்ணாடிப் பஞ்சு, பிழியாத துணி மாதிரி கிடக்கிறது. பலகையில் கறுப்பு ஏறுகிறது. நடுவில் என் குழாய், வாயைப் பிளந்துகொண்டு.

மூன்று பொய் தயார் செய்தேன். பழைய வீட்டுக்காரன் மேல் ஒன்று, குழாய் விற்றவன் மேல் ஒன்று. மூன்றாவதில் ஓர் அணில் வருகிறது. மூன்றில் அதுதான் பிரமாதம். ஆனால் எந்தப் பொய்யைச் சொன்னாலும் அடுத்த சனிக்கிழமையும் அடுப்பு எரியும். அறை எப்போது காய்வது?

ஜனவரி 16, சனி

துண்டோடு ஆறு பேர் வந்துவிட்டார்கள். ரால்ஃப் அடுப்பைப் போடப் போனான். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்குக் குளியல் கிடையாது என்றேன். சனிக்கிழமை சவுனா இல்லை என்று இந்த ஊரில் சாவு வீட்டில்கூட யாரும் சொன்னதில்லை. ஏன் ஏன் என்கிறார்கள். ஐலா மாடிப்படியில் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு நின்றாள். அணில் கதையை எடுக்கத்தான் வாயைத் திறந்தேன்.

"குழாய் வெளிய போகலை. பரணுக்குள்ளயே விட்டுட்டேன். ஓட்டை போட்டேன்னு சொன்னது பொய்."

 தபால்கார எய்னார்தான், "அப்ப அந்தக் கயிறு?" என்றான்.

"கயிறும் இல்லப்பா."

ஐலா கீழே இறங்கிப் போனாள். காபிக் கோப்பைகள் கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

ஜனவரி 19

டிரெம்பத் கூரையில் ஏறினான், அறுபத்தெட்டு வயதில். நீளக் கோலால் பனியை வாரித் தள்ளி, ஓட்டை போட்டு, குழாயை வெளியே எடுத்துவிட்டான். அணையை வெந்நீர் ஆவி அடித்து அறுத்தான். என்னை ஏறவிடவில்லை. "நீ ஏணியப் பிடி. அதையாவது நிஜமாப் பிடி" என்றான். பிடித்தேன்.

ஜனவரி 20, 21, 22

ஈரப் பஞ்சை மூட்டை கட்டி இறக்கினேன். பதினேழு மூட்டை. பதினேழுதான். விளக்குத் துவாரம், சுவர் இடுக்கு என்று சூடு ஏறும் வழியெல்லாம் அடைத்தேன். புதுப் பஞ்சைக் கணுக்கால் மறையும்படி பரப்பினேன். உடம்பெல்லாம் அரிக்கிறது. ஐலா படி மேல் சாப்பாடு வைத்துவிட்டுப் போகிறாள். பேசுவதில்லை.

பிப்ரவரி 6, சனி

பரண் காய்ந்துவிட்டது என்று டிரெம்பத் சொன்ன பிறகு சவுனா போட்டார்கள். நான் தெருவில் நின்றேன். கூரைக்கு மேலே ஆவி நேராக எழுந்து போயிற்று.

பிப்ரவரி 7, ஞாயிறு

சொட்டவில்லை.

பிப்ரவரி 14, ஞாயிறு

சொட்டவில்லை. ரால்ஃப் சீலிங்குக்கு வெள்ளை அடித்தான். ஞானத்தந்தையாக அவனுடைய அண்ணன் டுலூத்திலிருந்து வருகிறானாம். ரால்ஃப்தான் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சரி என்றேன்.

பிப்ரவரி 25

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். இந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான்.

மார்ச் 12, சனி

சாயங்காலம் ஐலா போன் செய்தாள். கிட்டத்தட்ட இரண்டு மாதத்தில் அவளாகப் பேசிய முதல் பேச்சு. "மாமா, நானும் அவரும் குளிக்கப் போறோம். வந்து புள்ளய வச்சுக்கிறீங்களா?"

போனேன். பின்னறையில் நாற்காலி போட்டிருந்தாள். பிள்ளையை என் கையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். சுவருக்கு அந்தப் பக்கம் கல்லில் தண்ணீர் விழுந்து சீறுகிற சத்தம். பிள்ளை விழிக்கவில்லை. நான் சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐலா திரும்பி வர ஐம்பது நிமிடம் ஆயிற்று. அவசரமில்லாமல் குளித்திருக்கிறாள்.