நீ கேட்கச் சொன்ன கேள்வி

இன்றைக்கும் உனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. ஸ்பிரிங்வேல் வீட்டுத் தபால்பெட்டியில், கடை விளம்பரத்துக்கும் தண்ணீர் பில்லுக்கும் நடுவில் கிடந்தது. உறையைத் தொட்டதுமே யாருடையது என்று தெரிந்துவிட்டது. அந்தக் கடன் நிறுவனத்தின் தாள் மட்டும் அப்படித் தடிப்பாக, வழுவழுவென்று இருக்கும். நம்மவர்கள் கலியாணக் கார்டுக்குக் கூட இவ்வளவு நல்ல தாள் போடுவதில்லை.

வழக்கம்போல உன் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் 'அன்புள்ள' என்று தொடங்குகிறார்கள். நம்முடைய பெயர்களில் அப்பா முன்னுக்கு நிற்பார் என்பது இந்த நாட்டில் எந்தக் கணினிக்கும் இன்றுவரை விளங்கவில்லை. நீ இருந்தபோது அது நமக்குப் பகிடி. "அப்பாவுக்குக் கடிதம் வந்திருக்கு மச்சான், என்னவாம் எண்டு பார்" என்று என்னிடம் நீட்டுவாய். கடலையே தாண்டாத மனிதர் மெல்பனில் கார் வாங்கிக் கடனாளியாகவும் ஆகிவிட்டார் என்று சொல்லிச் சிரிப்பாய்.

இந்த முறை என்னவாம் என்றால், உன் முறைப்பாட்டை அவர்கள் கையாண்ட விதம் உனக்கு எவ்வளவு திருப்தி என்று கேட்கிறார்கள். ஒன்றிலிருந்து பத்து வரை ஓர் எண்ணுக்கு வட்டம் போட வேண்டுமாம். நீ செத்து மூன்று வருஷம் ஆகிறது. அதை நானே நாலு தடவை தொலைபேசியில் சொன்னேன். மரணச் சான்றிதழும் அனுப்பினேன். கிடைத்தது, ஆழ்ந்த அனுதாபங்கள் என்று அவர்களும் எழுதினார்கள். அதே கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, அதே செத்தவனிடம் மதிப்பெண் கேட்கிறார்கள். குசினிக்குப் போய் ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

உனக்கு எழுத வேண்டியது எனக்கும் ஒன்று இருக்கிறது. இத்தனை காலம் தள்ளிப்போட்டு வந்தேன்.

கார் வாங்கப் போன அந்தச் சனிக்கிழமை உனக்கு மறந்திருக்காது. கோழித் தொழிற்சாலைக்கு விடிகிற நேரத்தில் பஸ் கிடையாது. மற்றவனின் காரில் தொற்றிக்கொண்டு போவதும், அவன் லீவு எடுத்தால் உன் சம்பளமும் போவதுமாக ஒரு வருஷம் ஓட்டினாய். ஒரே படகில் வந்து, ஒரே தடுப்பு முகாமில் கிடந்து, வெளியே வந்து ஒரே வீட்டில் ஆளுக்கோர் அறை எடுத்தவர்கள் நாம். ஆனால் முகாமில் நடந்த இங்கிலீஷ் வகுப்பில் நீ பின்வரிசையில் தூங்கினாய், நான் முன்வரிசையில் இருந்தேன். அந்த ஒரே காரணத்தால் டொக்டரிடம் போவதென்றாலும், அரசாங்க அலுவலகத்துக்குப் போவதென்றாலும், சனங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். எனக்கும் அதில் ஒரு மிதப்பு இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய்.

கார்க் கடையின் பின்பக்கத்தில் கடன் எழுதுகிற சின்ன அறை. கழுத்தில் நீல ரை கட்டியவன் ஒருவன் நமக்குக் கோப்பி வைத்தான், பிஸ்கட் வைத்தான், கதிரையை இழுத்துப் போட்டான். இந்த நாட்டில் அதுவரை யாரும் நமக்குக் கதிரை இழுத்துப் போட்டதில்லை. நீ அதில் முன்விளிம்பில் மட்டும் இருந்தாய். உன் சம்பளத் துண்டுகள், விசா தாள், வாடகைத் தாள் எல்லாவற்றையும் அவன் வரிவரியாகப் பார்த்தான். கடன் தரலாம் என்றான். பிறகு பக்கத்தைத் திருப்பி, வேலை போனாலோ நோய் வருத்தம் வந்தாலோ மாதக் கட்டுக்காசைத் தாங்களே கட்டுகிற ஒரு காப்புறுதி இருக்கிறது, எல்லாரும் எடுக்கிறார்கள், கடனோடு சேர்த்துவிட்டால் கண்ணுக்கே தெரியாது என்றான். நான் அதை உனக்குச் சொன்னேன்.

நீ கோப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாய். பிறகு என் பக்கம் சரிந்து, "மச்சான், எனக்கு மூண்டு வருஷ விசா. வேலையும் கூப்பிட்டால்தான் வேலை. என்னைப் போல ஆக்களுக்கும் இது சரிவருமோ எண்டு அவனிட்டைக் கேள்" என்றாய்.

பின்வரிசையில் தூங்கியவன் கேட்ட கேள்வி அது. அந்த அறையில் அன்றைக்குக் கேட்கவேண்டியிருந்ததே அந்த ஒரு கேள்விதான்.

நான் அதைக் கேட்கவில்லை.

விசா என்ற சொல்லை ஒரு வெள்ளைக்காரனின் மேசையில் நாமாக எடுத்துப் போடக்கூடாது என்பது நமக்கெல்லாம் முகாமிலேயே ஊறிப்போன பாடம். கேட்டால் மட்டும் பதில் சொல்லு, தாளில் எல்லாவற்றுக்கும் ஓம் போடு, குறுக்குக் கேள்வி கேட்டவனுடைய கோப்புத்தான் அடியில் போகும். அப்படித்தான் நம்பினோம். அவன் விசாவை ஏற்கெனவே பார்த்துவிட்டான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாயைத் திறந்து ஞாபகப்படுத்தினால் கடனே இல்லையென்றுவிடுவானோ என்று பயந்தேன். அதனால் அவன் பக்கம் திரும்பி, காருக்கு டயர் புதிதாகப் போட்டுத் தருவீர்களா என்று இங்கிலீஷில் கேட்டேன். அவன் சிரித்து, பிரச்சினையில்லை என்றான். நான் உன்னிடம் திரும்பி, "பிரச்சினையில்லையாம்" என்றேன்.

நீ கையெழுத்துப் போட்டாய். மொழிபெயர்த்தவர் என்ற இடத்தில் நானும் போட்டேன். வரும் வழியில் எனக்குக் கொத்துரொட்டி வாங்கித் தந்தாய். "நீ இல்லாட்டி நான் என்ன செய்திருப்பன்" என்றாய். நான் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். இரண்டு வருஷம் கழித்து நெஞ்சு வருத்தம் வந்தது. மூன்று மாதம் வேலைக்குப் போகாதே என்று டொக்டர் எழுதித் தந்தார். தொழிற்சாலை உன்னைக் கூப்பிடுவதை நிறுத்தியது. கூப்பிட்டால்தான் வேலை என்பவனுக்கு நோய் லீவும் இல்லை. அப்போது நீ படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, "மச்சான், அந்தக் காப்புறுதி இருக்கு, பயப்பிடாதை" என்று எனக்கு ஆறுதல் சொன்னாய்.

நான் கடன் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். நாற்பது நிமிஷம் இசை கேட்டுக் காத்திருந்தபின் ஒருத்தி வந்தாள். இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டாள். நிரந்தர வேலை இல்லாதவர்களுக்கும் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கும் இந்தக் காப்புறுதி பொருந்தாதாம். உள்பக்கங்களில் எழுதியிருக்கிறதாம். கடன் கொடுக்கும்போது உன் சம்பளத் துண்டை வரிவரியாகப் படித்த கண், அடுத்த பக்கத்தில் காப்புறுதியை விற்கும்போது மட்டும் குருடாகிவிட்டது. ஒருநாளும் பலன் தராது என்று அந்த அறையிலேயே தெரியக்கூடிய ஒன்றை உனக்கு விற்று, அதற்கும் வட்டி போட்டு, மாதம் மாதம் உன் கணக்கிலிருந்து எடுத்தார்கள். கோழி வெட்டிக் குளிரில் மரத்துப்போன கையால் உழைத்த காசு அது. பிச்சைக்காரனின் தட்டில் கைவைப்பவனுக்காவது கொஞ்சம் கூச்சம் இருக்கும்.

தொலைபேசியை வைத்ததும் நீ என்னைப் பார்த்தாய். "நீ அண்டைக்கு அவனிட்டைக் கேட்டனீதானே?"

"ஓம். கேட்டனான். அவன்தான் பிரச்சினையில்லை எண்டவன்."

"கள்ளன்" என்றாய் நீ. நீல ரைக்காரனைத்தான் சொன்னாய்.

மூன்று மாதம் முடியுமுன்பே, ஆறாவது கிழமை, கெஞ்சிக் கேட்டு நீ திரும்ப வேலைக்குப் போனாய். கட்டுக்காசு தவறினால் அதுவும் விசாக் கோப்பில் ஏறும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். நான் தடுத்தேன், நீ கேட்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் ஒரு காலை, தொழிற்சாலை முன்னால் காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, திறப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, கதவைத் திறக்காமலே இருந்துவிட்டாய். இரண்டு மாதத்தில் காரையும் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அவர்களால்தான் செத்தாய் என்று நான் சொல்லமாட்டேன். டொக்டர்கூட அப்படிச் சொல்லவில்லை. ஆனால் நீ ஓய்வெடுக்காத அந்த மிச்சக் கிழமைகளை நினைக்காமல் இருக்க எனக்கு ஏலவில்லை.

எட்டு மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது, அதே தடித்த தாளில். சில வாடிக்கையாளர்களுக்குப் பொருத்தமில்லாத காப்புறுதி விற்கப்பட்டிருக்கலாமாம், அதனால் ஏதும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறார்களாம், விரும்பினால் முறைப்பாடு செய்யலாமாம். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை. அவர்களாக மனம் வந்து எழுதவில்லை, மேலிடத்தில் யாரோ காதைத் திருகியிருக்கிறார்கள். நான் அவர்களுக்குத் தொலைபேசி எடுத்தேன். கணக்குக்காரரோடு பேசலாமா என்றாள் ஒருத்தி. இறந்துவிட்டார் என்றேன். மிகவும் வருந்துகிறேன், உங்களோடு பேச அவர் அனுமதி தருவாரா என்றாள்.

அந்தக் கிழமையே, இப்படிக் காசை மீட்டுத் தருகிற முகவர் ஒருவன் எனக்குத் தொலைபேசி எடுத்தான், நல்ல தமிழில். "அண்ணை, நீங்கள் ஒண்டுக்கும் அலைய வேண்டாம். நாங்கள் எடுத்துத் தாறம், மூண்டிலை ஒரு பங்கு மட்டும் எங்களுக்கு." என் இலக்கம் அவனுக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். அதைச் சொல்லமாட்டானாம். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று வருகிறவனுக்கு நம்முடைய மொழி வேறு. 'அண்ணை' என்று அவன் சொன்னதுதான் எனக்கு மிகவும் அருவருப்பாக இருந்தது. அவனைத் திட்டிவிட்டு வைத்தேன். பிறகு, தமிழைச் சொல்லி ஆளை மாட்டுகிறவன் இவன் மட்டுமா என்று யோசித்தேன்.

உன் மனைவி வன்னியிலிருந்து கலியாணச் சான்றிதழும் மகளின் பிறப்புச் சான்றிதழும் அனுப்பினாள். முறைப்பாடு போட்டோம். பதில் வந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் கூட இருந்தார், வாடிக்கையாளரின் சந்தேகங்களுக்கு விளக்கம் தரப்பட்டது, அவர் விளங்கிக்கொண்டதாக ஒப்பமிட்டிருக்கிறார், ஆகவே பணம் திருப்பித் தர ஒன்றுமில்லை. ஆதாரமாக ஒரு பிரதி வைத்திருந்தார்கள். என் கையெழுத்து, நல்ல தெளிவாக. உன் மகளின் பணத்துக்குக் குறுக்கே நானே நின்றுகொண்டிருந்தேன்.

இலவசச் சட்ட உதவி நிலையத்தில் ஒரு பெண்மணி அந்தப் பிரதியைப் பார்த்தார். "உங்கள் நண்பர் அன்று ஏதாவது கேட்டாரா?" என்றார். அவ்வளவு சாதாரணமாகக் கேட்டார். ஐந்து வருஷமாக நான் யாருக்கும் சொல்லாததை அந்த மேசையில் வைத்துச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவுமில்லை, தேற்றவுமில்லை. "இதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்" என்று ஒரு தாளை நகர்த்தினார். என் நண்பர் கேட்டார், நான் அதைக் கடன் எழுதியவனிடம் சொல்லவில்லை, பிரச்சினையில்லை என்று நண்பரிடம் பொய் சொன்னேன். மூன்று வரி. முதல் இரண்டு தாளையும் கிழித்துப் போட்டேன்.

அந்த மூன்று வரியை வைத்து, கடன் நிறுவனங்கள்மேல் வரும் முறைப்பாடுகளை விசாரிக்கிற இடத்துக்குப் போனோம். உன் காப்புறுதிக் காசு முழுவதும், வட்டியோடு, உன் மனைவியின் கணக்குக்குப் போனது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். என்றாலும் போய்ச் சேர்ந்தது.

அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். "அண்ணை, வங்கியிலை காசு வந்திருக்கு. அவரின்ரை சம்பள மிச்சமோ?"

"இல்லைத் தங்கச்சி. அவருக்குப் பொய் சொல்லி எடுத்த காசு. திருப்பித் தந்திருக்கினம்."

"ஆர் அண்ணை பொய் சொன்னது?"

கார்க் கடைக்காரன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள், நீ நம்பியதுபோல. நான் எல்லாவற்றையும் சொன்னேன், டயர்க் கதை உட்பட. முடிவில், "பிறகு எடுக்கிறன் அண்ணை" என்று வைத்தாள். அது நடந்து நாலு மாதமாகிறது. அவள் எடுக்கவில்லை.

இப்போதும் சனங்கள் என்னைக் கூப்பிடுகிறார்கள். போன கிழமை, முதியோர் இல்லத்தில் வேலை செய்கிற நம் தெருப் பெண் ஒருத்தி ஒரு காப்புறுதித் தாளோடு வந்தாள். அவளுக்கும் கார், அவளுக்கும் கடன், அவளுக்கும் தற்காலிக விசா. கடன் எடுத்த அன்றே காப்புறுதியைத் தலையில் கட்டக்கூடாதென்று இப்போது சட்டம் இருக்கிறது. சில நாள் பொறுத்துத்தான் விற்கலாமாம். நான் தாளிலிருந்த இலக்கத்துக்கு எடுத்து, அவளுக்கும் கேட்கத் தொலைபேசியைச் சத்தமாக வைத்து, வேறெதுவும் பேசாமல், நீ சொன்னதைச் சொல்லுக்குச் சொல் இங்கிலீஷில் கேட்டேன். இவருக்கு மூன்று வருஷ விசா, கூப்பிட்டால்தான் வேலை, இவரைப் போன்ற ஆட்களுக்கு இது சரிவருமா?

"இல்லை" என்றான் மறுபக்கத்துப் பையன். "இவருக்குச் சரிவராது. எடுக்க வேண்டாம்." அந்தப் பெண் தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, நன்றி சொல்லிப் போனாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

இந்த வட்டம் போடுகிற தாள் இன்னும் மேசையில் கிடக்கிறது. அவர்களை நினைத்தால் காறித் துப்ப வேண்டும்போல் இருக்கிறது, மச்சான். உன் விசாவையும் சம்பளத்தையும் கண்ணால் பார்த்துவிட்டு விற்றவர்கள். ஆனால் நீ கள்ளன் என்று சொன்னாயே, அந்த நீல ரைக்காரன், அவனிடம் உன் கேள்வி போய்ச் சேரவேயில்லை. கேட்டிருந்தால் அவனும் பொய் சொல்லியிருப்பானோ, இல்லை இந்தப் பையனைப் போல வேண்டாம் என்றிருப்பானோ, எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாமல் போயிற்று. அன்றைக்கு உனக்குப் பதில் சொன்னவன் நான்தான்.